கார்டை அழிப்பதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை

மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் வட்டாரத்தில் படமும் குறும்படமும் ஆவணப்படமும் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

போன மாதம் நீங்கள் சிலர் கூடிப் பேசி, சின்ன பட்ஜெட் படங்களுக்குச் செலவைக் குறைக்க ஒன்பது வழிகளை எழுதி வாட்ஸப்பில் சுற்றுக்கு விட்டீர்கள். எனக்கும் வந்தது. ஒன்பதில் ஆறைப் பற்றி நான் பேச வரவில்லை. கேரவன் வேண்டாம், லொக்கேஷனுக்குப் பக்கத்திலேயே தங்கலாம், ஜெனரேட்டரைத் தேவையான நாளுக்கு மட்டும் எடுக்கலாம் என்பதெல்லாம் நியாயமான யோசனைகள். மீதி மூன்றுதான் இந்த மடலை எழுத வைத்தன. ஸ்பாட்டில் டேட்டா, அதாவது கேமரா கார்டில் பதிவான ஃபைல்கள், பார்க்கத் தனி ஆள் வேண்டாம், கேமரா அசிஸ்டெண்டே காப்பி போட்டுக்கொள்வார் என்கிறது நான்காவது வரி. ஹார்டு டிஸ்க் ஒரு செட் போதும் என்கிறது ஐந்தாவது. எடிட்டிங், சவுண்டு, டிஐ (படத்தின் கலரைச் சரிசெய்யும் வேலை) ஆட்களிடம் ஷூட்டிங் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம், அவர்களுடைய பேலன்ஸைப் படம் விற்ற பிறகு கொடுக்கலாம் என்கிறது எட்டாவது.

இந்த மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அறையில் பதினேழு வருடமாக எடிட் செய்கிறேன். உங்களில் பலருடைய படம் அந்த அறைக்கு வந்து போயிருக்கிறது. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்தவர் என் எதிரில் உட்கார்ந்து அழுததையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், இந்த மூன்று வரிகளால் உங்களுக்குச் செலவு குறையாது.

நான்கு வருடத்துக்கு முன்னால் உசிலம்பட்டியைத் தாண்டி, எழுமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் பதினான்கு நாள் ஷூட்டிங். கதையில் ஒரு சாவு வீடு வருகிறது. அதற்கு நடிகை யாரையும் போடாமல், அந்த ஊரிலேயே ஒப்பாரி பாடுகிற ஓர் அப்பத்தாவை உட்கார வைத்தார்கள். வயது எண்பதுக்கு மேல். கேமரா ஓடத் தொடங்கியதும் அப்பத்தா கதையில் செத்தவருக்காகப் பாடவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் கிணற்றில் விழுந்து செத்துப்போன தன் மூத்த மகனுக்காகப் பாடினார். ஆறேகால் நிமிடம், ஒரே டேக். யூனிட்டில் ஒருவரும் அசையவில்லை என்று கேமராமேன் அன்று ராத்திரியே போன் செய்து சொன்னார். “அண்ணே, இதுல நீங்க கத்திரியே வைக்கக் கூடாது” என்றார்.

அந்தப் படத்தில் டேட்டா ஆள் கிடையாது. கேமரா அசிஸ்டெண்ட் பையன் காலை ஐந்து மணிக்கு எழுந்து, ராத்திரி பதினொன்றுக்கு லென்ஸெல்லாம் துடைத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறந்து கார்டுகளை ஒரு டிஸ்கில் காப்பி போடுவான். மறுநாளைக்குக் கார்டு வேண்டும் என்பதால் அன்றைக்கே ஃபார்மெட் போட்டு அழித்துவிடுவான். டிஸ்க் மூன்று நாளைக்கு ஒரு தடவை பைக்கில் உசிலம்பட்டி போய், அங்கிருந்து பஸ்ஸில் ஆரப்பாளையம் வரும். நான் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வேன்.

அந்தத் தடவை டிஸ்க் ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பையில், துண்டில் சுற்றி வந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். கேபிளைச் சொருகினேன். விளக்கு எரிந்தது. ஸ்க்ரீனில் ஒன்றும் வரவில்லை. டிஸ்கைக் கையில் எடுத்துக் காதருகே வைத்தேன். டிக்... டிக்... டிக்... என்று உள்ளே ஏதோ தட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் தொழிலில் அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர் மறக்க மாட்டார். உள்ளே தகட்டைப் படிக்க வேண்டிய முனை இடம் பிடிக்க முடியாமல் அடித்துக்கொள்கிற சத்தம் அது. உடனே கேபிளைப் பிடுங்கினேன். அதற்கு மேல் ஒரு சுற்று சுற்றினாலும் தகட்டில் கீறல் விழலாம். வழியில் எங்கே விழுந்தது, யார் கையில் விழுந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை.

சென்னைக்கு அனுப்பினோம். மூன்று வாரம் ஆனது. அதற்கு ஆன செலவில் அந்தப் படத்துக்கு இரண்டு செட் டிஸ்க் வாங்கி, ஒரு டேட்டா ஆளுக்குப் பதினான்கு நாள் சம்பளமும் பேட்டாவும் கொடுத்திருக்கலாம். பாதி ஃபைல்கள் திரும்பி வந்தன. அந்த ஒப்பாரி வரவில்லை. ஃபோல்டரின் பெயர் மட்டும் இருந்தது.

இயக்குநர் திரும்பவும் அந்த ஊருக்குப் போய் அப்பத்தாவிடம் கேட்டார். “காசுக்காகவா அழுதேன் சாமி? அன்னிக்கு வந்துச்சு. இனிமே வராதுய்யா” என்று சொல்லிவிட்டாராம். இயக்குநர் இதை என் எடிட் ரூம் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

ஒப்பாரியின் குரல் மட்டும் பிழைத்தது. அந்தப் படத்தில் சவுண்டு எடுத்தவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாச் சத்தத்தையும் ஒன்று சேர்க்கிற மிக்ஸிங் முடிகிறவரை தன்னுடைய ரெக்கார்டர் கார்டை அழிக்க மாட்டார். யார் சொன்னாலும் மாட்டார். அதிலிருந்து ஆறேகால் நிமிடக் குரல் முழுசாகக் கிடைத்தது. வெறும் முற்றம், சாய்ந்து கிடக்கிற நார்க்கட்டில், அணைந்த அடுப்பு என்று இருக்கிற ஷாட்டுகளை வைத்து அந்தக் குரலை மேலே ஓடவிட்டோம். பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அந்த அப்பத்தாவின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. நான்கு மணி நேரத் தூக்கத்தில் பதினான்கு நாளும் இரண்டு ஆள் வேலை பார்த்தவன் அவன். பழி முழுவதும் அவன் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் இந்தத் தொழில் பக்கமே வரவில்லை. நீங்கள் எழுதிய நான்காவது வரியும் ஐந்தாவது வரியும் இதே ஏற்பாட்டைத்தான் இனி எல்லாப் படத்துக்கும் வழக்கமாக்கப் பார்க்கின்றன.

நான் கல்யாண வீடியோவில் தொழில் கற்றவன். மினி டிவி (Mini DV) டேப் காலம் அது. ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் சுமார் 13 ஜிபி வரும். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் பயமில்லை, டேப் பீரோவில் இருக்கும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அதற்கும் முன்னால் ஃபிலிமில் எடுத்தவர்களுக்கு நெகடிவ் லேபில் இருந்தது. அதாவது அசல் என்று ஒன்று தனியாக எங்கேயோ பத்திரமாக இருந்தது, நாம் தொட்டதெல்லாம் நகல். இன்றைக்கு அசல் என்பது அந்தக் கார்டு மட்டும்தான். அதை அன்று ராத்திரியே அழித்துவிடுகிறோம். அழித்த நிமிடத்தில் டிஸ்கில் இருக்கிற ஒற்றைக் காப்பிதான் உங்கள் நெகடிவ். அதைத் துண்டில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றுகிறீர்கள். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸின் பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. அவர்கள் காலத்தில் இன்னொரு காப்பி என்பது இன்னொரு முழு ஃபிலிம் சுருள், பெரிய செலவு. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

டேட்டா ஆள் என்றால் சும்மா காப்பி பேஸ்ட் செய்கிறவர் என்று உங்கள் குறிப்பை எழுதியவர் நினைக்கிறார் போலிருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 4கே அல்ட்ரா எச்டியில், ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்கிற ஃபைல் வகையில், நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 320 ஜிபி ஆகும். ஒரு நாளில் இரண்டு மணி நேர ஃபுட்டேஜ் என்றால் 640 ஜிபி. சாதாரண வெளி டிஸ்க் நொடிக்கு 120 எம்பி எழுதும் என்று வைத்துக்கொண்டால், ஒரு காப்பிக்கே ஒன்றரை மணி நேரம். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க இன்னொரு ஒன்றரை மணி நேரம். இந்தச் சரிபார்ப்பைத்தான் செக்சம் என்கிறோம். ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் உள்ளடக்கத்தை வைத்து ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டு, கார்டில் உள்ள ஃபைலுக்கும் டிஸ்கில் உள்ள ஃபைலுக்கும் அந்த எண் ஒன்றுதானா என்று பார்ப்பது. உள்ளே ஒரு இடம் மாறியிருந்தாலும் எண் மாறிவிடும். மவுஸால் இழுத்துப் போட்டுப் பச்சைக் கோடு கடைசிவரை ஓடிவிட்டதென்றால் காப்பி ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆகியிருக்கலாம். ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. டேட்டா ஆள் பார்ப்பார். இரண்டு டிஸ்கிலும் போட்டு, எண் பார்த்து, சில கிளிப்புகளைத் திறந்து ஓட்டிப் பார்த்து, எந்தக் கார்டு எந்த ஃபோல்டர் என்று எழுதி வைத்து, அப்புறம்தான் கார்டை அழிக்கலாம் என்பார். பகல் முழுக்க ஃபோகஸ் பிடித்துக் கண் சிவந்துபோன பையனிடம் இந்த வேலையையும் கொடுப்பது நியாயம் இல்லை.

எட்டாவது வரிக்கு வருகிறேன். ஷூட்டிங் முடிந்த பிறகு எங்களிடம் பேசினால் போதுமா?

ஒரு சித்திரைத் திருவிழா ஆவணப்படம் என்னிடம் வந்தது. எடுத்தவர்கள் உண்மையான ஆர்வத்தோடு எடுத்திருந்தார்கள். எதிர்சேவை, தோப்பரை என்கிற தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், விடியலில் தங்கக் குதிரையில் அழகர் ஆற்றில் இறங்குவது வரை விடாமல் இரண்டு கேமரா, ஒரு செல்போன். ஒரு கேமரா 24 ஃப்ரேமில் இருந்தது, இன்னொன்று 25-ல். செல்போன் 30, அதுவும் வெளிச்சத்தைப் பொறுத்துத் தானாக ஏறி இறங்கும். 24 ஃப்ரேம் எடிட் டைம்லைனில் 25-ஐ வைத்தால் ஒவ்வொரு நொடியிலும் ஒரு ஃப்ரேமைத் தூக்கிப் போட்டாக வேண்டும். நின்றுகொண்டிருக்கிற ஆளிடம் அது தெரியாது. ஆடி அசைந்து வருகிற குதிரை வாகனத்தில் நொடிக்கு ஒரு வெட்டு வெட்டும். 30-ல் எடுத்ததில் நொடிக்கு ஆறு ஃப்ரேம் போகும். போதாததற்கு ஒரு கேமராவில் ஷட்டர் நொடியில் 60-ல் ஒரு பங்கு என்று இருந்தது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மண்டகப்படிப் பந்தல்களின் டியூப் லைட் ஒவ்வொரு நொடியும் நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. 50-ல் ஒன்று என்று வைத்திருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரே அளவு வெளிச்சம் விழும். 60-ல் ஒன்று என்றால் விழாது. படம் முழுக்க வெளிச்சம் துடித்துக்கொண்டே இருந்தது.

படத்தையும் சத்தத்தையும் ஒன்று சேர்க்க உதவுகிற கிளாப் கிடையாது. அந்தக் கூட்டத்தில் கிளாப் அடிக்கவும் முடியாது, அதை நான் குறை சொல்லவில்லை. ஒரு வேட்டுச் சத்தத்தைப் பிடித்துத்தான் மூன்றையும் ஒன்று சேர்த்தேன். அதுவும் நேரே சேரவில்லை. சத்தம் காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்ற கேமராவுக்கு வேட்டு ஏழு ஃப்ரேம் தாமதமாகக் கேட்டிருக்கிறது. சத்தத்தை வைத்துச் சேர்த்தால் படம் பிசகியது, புகையைப் பார்த்துத்தான் நேராக்கினேன். பதினொரு நாள் வேலை. அதற்குப் பிறகும் வெளிச்சம் துடிப்பதை முழுசாக எடுக்க முடியவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் அந்தச் சில நிமிடம் ஆண்டுக்கு ஒரு தரம்தான் வரும். “இன்னொரு டேக் போகலாம்” என்று யாரிடமும் கேட்க முடியாது. திருவிழாவுக்கு முந்தின வாரம் அவர்கள் என்னிடம் பத்து நிமிடம் போனில் பேசியிருந்தால், எல்லாருக்கும் 25, ஷட்டர் 50-ல் ஒன்று, செல்போனில் ஃப்ரேமைக் கட்டிப்போடும் ஆப், கிளம்புவதற்கு முன்னால் மூன்று பேரும் சேர்ந்து நின்று ஒரு கைத்தட்டு என்று சொல்லியிருப்பேன். அதற்கு நான் காசு கேட்டிருக்க மாட்டேன்.

சவுண்டு ஆட்களுக்கு நடப்பது இதைவிட மோசம். அதைப் பற்றி அவர்கள் வெளியே பேசுவதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

திருநகரில் ஒரு தங்கச்சி சவுண்டு எடிட் செய்கிறார். வீட்டின் பின்னறையில் பழைய மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, ராத்திரி பத்துக்கு மேல் தெரு அடங்கியபிறகு வேலை. தட்டில் செம்மண்ணைப் பரப்பி, அதில் செருப்பை அழுத்தி அழுத்தி நடைச்சத்தம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்க்ரீனில் நடிகரின் கால் மண்ணில் படுகிற அதே ஃப்ரேமில் அவர் கை இறங்கும். ஒரு ஆள் பத்து அடி நடக்கிற ஷாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். வலது கால் இழுத்து நடக்கிற பாத்திரம் என்றால் இழுப்புச் சத்தத்தைத் தனியாக எடுப்பார்.

ஒரு படம். ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். லாக், அதாவது இனி எடிட்டில் மாற்றம் இல்லை என்று இயக்குநரும் தயாரிப்பாளரும் என் அறையில் உட்கார்ந்து சொன்னார்கள். ஐந்து ரீலாகப் பிரித்து, படமும் சத்தமும் சேர ஒவ்வொரு ரீலுக்கும் முன்னால் இரண்டு நொடியில் பீப் வைத்து, எடிட் விவரம் அடங்கிய ஃபைல்களை, ஏஏஎஃப் ஆகத் தங்கச்சிக்கும், எக்ஸ்எம்எல் ஆக டிஐக்கும் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து இயக்குநர் வேறொரு இடத்தில் வைத்து இரண்டாவது ரீலில் பதினொரு நொடியைத் தூக்கிவிட்டார். நான்காவது ரீலில் இரண்டு ஷாட்டை இடம் மாற்றினார். எனக்குச் சொல்லவில்லை, தங்கச்சிக்கும் சொல்லவில்லை. டப்பிங் முடிந்து, நடைச்சத்தம் முடிந்து, பின்னணி இசை வந்து சேர்ந்த பிறகு, புதுப் படத்தின் மேல் பழைய சத்தத்தை ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பதினொரு நொடி என்றால் 264 ஃப்ரேம். உதட்டுக்கும் குரலுக்கும் இரண்டு மூன்று ஃப்ரேம் பிசகினாலே தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். எண்பது சத்த டிராக். வெட்டிய இடத்தில் இசை பாதி மூச்சில் நின்றது. அத்தனையையும் கையால் நகர்த்தி, நடுவில் விழுந்த ஓட்டைகளை நிரப்பி, ஒன்பது ராத்திரி வேலை பார்த்தார். அந்த ஒன்பது ராத்திரிக்கு ஒரு ரூபாய் கிடையாது. “சின்ன ட்ரிம்தானே” என்று சொல்லிவிட்டார்கள்.

லாக் செய்த படத்தை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல இயக்குநருக்குக் கடைசி நிமிடத்தில்கூட ஒன்று தோன்றும், அது சரியாகவும் இருக்கும். அந்தப் பதினொரு நொடியை எடுத்ததும் சரியான முடிவுதான். கேட்பது ஒன்றுதான். மாற்றினால் அன்றைக்கே சொல்லுங்கள், எந்த ரீலில் எந்த நேரத்தில் எத்தனை ஃப்ரேம் என்று எழுத்தில் கொடுங்கள், அதற்கு ஆகும் நாளையும் காசையும் ஒப்புக்கொள்ளுங்கள். லாக் என்கிற சொல்லை நம்பித்தான் நான்கு பேர் நான்கு அறையில் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்குகிறோம்.

கருத்துச் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாட்ஸப்பில் வந்த வீடியோவைச் செல்போனில் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, கலர் மங்கலாக இருக்கிறது, சத்தம் பற்றவில்லை என்று வாய்ஸ் மெசேஜ் போடாதீர்கள். வாட்ஸப் அந்த வீடியோவை நசுக்கித்தான் அனுப்பும். படத்தின் மேல் ஓடுகிற டைம்கோடை எழுதி, அந்த இடத்தில் என்ன தோன்றியது என்று எழுதி, இயக்குநர் ஒருவரே மொத்தமாக ஒரே தாளில் கொடுத்தால் மூன்று நாள் வேலை அரை நாளில் முடியும்.

காசைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. படம் விற்றால்தான் பேலன்ஸ் என்றால், நாங்களும் உங்கள் படத்தில் பணம் போட்டவர்கள் ஆகிறோம். அப்படியென்றால் லாபத்தில் பங்கு எழுதிக் கொடுங்கள். அதைக் கொடுக்க மாட்டீர்கள், கேட்கவும் நாங்கள் வரவில்லை. கேமரா வாடகையையும் சாப்பாட்டுக் காசையும் படம் விற்ற பிறகு தருகிறேன் என்று நீங்கள் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னால் வண்டி வராது. நாங்கள் கடைசியில் வருகிறோம் என்பதால் எங்கள் காசும் கடைசிக்குப் போய்விடுகிறது. முழுநீளப் படங்களில் வேலை செய்கிறவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்று 1981-லேயே சட்டம் சொல்லிவிட்டது. இந்தப் பதினேழு வருடத்தில் நம் வட்டாரத்தில் என் கைக்கு அப்படி ஒரு தாள் வந்தது இரண்டே தடவை. அசிஸ்டெண்ட் எடிட்டர்களுடைய நிலைமை இன்னும் கீழே. ஃபுட்டேஜ் முழுவதையும் பார்த்து, சத்தத்தைப் படத்தோடு சிங்க் செய்து, சீன் வாரியாகப் பிரித்து வைக்கிறவர்கள் அவர்கள். இயக்குநருக்கே மறந்துபோன டேக் அவர்களுக்கு நினைவிருக்கும். டைட்டிலில் நீளம் அதிகம் என்று முதலில் வெட்டப்படுகிற பெயரும் அவர்களுடையதுதான். என்னிடம் இருந்த ஒரு பையன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போய், பெயர் வரும் வரும் என்று கடைசிவரை உட்கார வைத்திருக்கிறான். வரவில்லை. அந்தப் பட்டியலை நான்தான் எழுதிக் கொடுத்தேன், அவன் பெயரோடு.

எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. சொன்ன நாளில் கட் கொடுக்காத எடிட்டர்கள் இருக்கிறார்கள், நானும் தவறியிருக்கிறேன். ஒரே நேரத்தில் நான்கு படம் ஒப்புக்கொண்டு நான்கையும் தாமதப்படுத்துகிறவர்கள் உண்டு. பேலன்ஸ் வரவில்லை என்று டிஸ்கைக் கொடுக்காமல் பிடித்து வைத்ததும் நடந்திருக்கிறது. அது சரியில்லை என்று எங்களுக்குள் பேசியிருக்கிறோம். அதையும் தாளில் எழுதிக்கொள்ள நாங்கள் தயார்.

இப்போது நான் கேட்பவை.

நான்கு, ஐந்து, எட்டு ஆகிய மூன்று வரிகளையும் திரும்பப் பெறுங்கள். எந்தக் குழுவில் அந்தக் குறிப்பைப் போட்டீர்களோ அதே குழுவில், திரும்பப் பெறுகிறோம் என்று எழுதுங்கள். அடுத்த மாதமே இரண்டு படம் தொடங்குகிறது என்று கேள்விப்படுகிறேன், அவர்கள் அந்த வரிகளை நம்பி பட்ஜெட் போட்டுவிடக் கூடாது.

எவ்வளவு சின்னப் படமானாலும் இரண்டு செட் டிஸ்க் வாங்குங்கள். இரண்டும் ஒரே வண்டியில் போகக் கூடாது, ஒரே அறையில் தூங்கக் கூடாது. ஒன்று லொக்கேஷனில் இருக்கட்டும், ஒன்று எடிட் ரூமுக்கு ஆள் கையில் வரட்டும், பார்சலில் வேண்டாம். முடிந்தால் மூன்றாவது காப்பி ஒன்று தயாரிப்பாளர் வீட்டு பீரோவில் இருக்கட்டும். டேட்டாவுக்கென்று ஒரு ஆள், அந்த வேலை மட்டும் பார்க்கிற ஆள், ஸ்பாட்டில் இருக்க வேண்டும். எடிட் ரூமிலிருந்து வந்து சேர்ந்தது, திறந்து பார்த்தோம், சரியாக இருக்கிறது என்று எழுத்தில் வரும்வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள். அதற்குக் கூடுதலாக நாலைந்து கார்டு வேண்டியிருக்கும், வாடகைக்குக் கிடைக்கும். டிஸ்க் எங்கள் கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் அந்தப் பதிலை அனுப்புவது எங்கள் பொறுப்பு.

ஷூட்டிங்குக்கு முன்னால் அரை நாள் கொடுங்கள். கேமராமேன், சவுண்டு எடுப்பவர், எடிட்டர், சவுண்டு எடிட்டர், டிஐ செய்கிறவர் ஐந்து பேரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். பயன்படுத்தப்போகிற ஒவ்வொரு கேமராவிலும் ஒரு நிமிடம் எடுத்து, அதை டிஐ, மிக்ஸிங், தியேட்டரில் ஓட்டுகிற டிசிபி ஃபைல் வரை ஓட்டிப் பார்த்துவிடலாம். ஃப்ரேம் ரேட், ஷட்டர், ஃபைல் பெயர் எல்லாம் அன்றைக்கே முடிவாகிவிடும்.

லாக் என்பது தேதி போட்டு இயக்குநரும் தயாரிப்பாளரும் கையெழுத்திடும் தாளாக இருக்கட்டும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாளும் கூலியும் உண்டு என்று அதே தாளில் இருக்கட்டும். அந்தத் திருநகர்த் தங்கச்சியின் ஒன்பது ராத்திரிக் கூலி இன்னும் பாக்கி. அந்தத் தயாரிப்பாளர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும், அதைக் கொடுத்துவிடுங்கள்.

சம்பளத்தை மூன்றாகப் பிரியுங்கள். வேலை தொடங்கும்போது ஒரு பங்கு, லாக் அன்று ஒரு பங்கு, இறுதிக் காப்பியைக் கையில் வாங்கும்போது மீதி. அதை வாங்கிக்கொண்டு டிஸ்கை அன்றே ஒப்படைப்பது எங்கள் பொறுப்பு. டேட்டா ஆள், அசிஸ்டெண்ட் எடிட்டர்கள், நடைச்சத்தம் எடுத்தவர் வரை எல்லாருடைய பெயரும் டைட்டிலில் வர வேண்டும். டைட்டில் லாக் ஆவதற்கு முன்னால் பட்டியலை எங்களுக்கு ஒரு தடவை காட்டுங்கள்.

இதையெல்லாம் நேரில் பேச எங்களுக்கு ஒரு நாள் வேண்டும். எடிட்டிங்கிலிருந்து இரண்டு பேர், சவுண்டிலிருந்து இரண்டு பேர், டிஐயிலிருந்து ஒருவர் என ஐந்து பேர் வருகிறோம். அந்த அடுத்த மாத ஷூட்டிங் தொடங்குவதற்கு முன்னால், இடத்தையும் தேதியையும் நீங்களே சொல்லுங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் என் எடிட் ரூமுக்கே வாருங்கள். அந்தப் பழைய டிஸ்க் இன்னும் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. முதலில் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு எடிட்டர்